நாலு கட்டைப் பெண்ணும் ஐந்தரைக் கட்டைக் கல்லூரியும்

நம் வாட்ஸப் குழுவில் போன வாரம், புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "மேடம், என் மாணவி ஒருத்தி நன்றாகப் பாடுகிறாள். ப்ளஸ் டூ முடிக்கப் போகிறாள். மியூசிக் படிக்க எந்தக் காலேஜ் பெஸ்ட்?" அதற்கு வந்து குவிந்த பதில்களைப் பார்த்ததும், ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு வேளை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று எனக்கு ஆகிவிட்டது. ஒருவர் ஏதோ ஒரு கல்லூரியின் விளம்பரத்தை அனுப்புகிறார். இன்னொருவர், அங்கே ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார். வேறொருவர் கும்பிடு போடும் படத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணின் குரல் எப்படிப்பட்டது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. இத்தனைக்கும் குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பாட்டு டீச்சர்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். குழுவை விட்டு என்னை யாரும் இன்னும் நீக்கவில்லை என்பதால் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கடலூரில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பாட்டு டீச்சராக இருந்தவள். நம் உத்தியோகத்தின் லட்சணம் இதற்குள் உங்களுக்கும் புரிந்திருக்கும். கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பை மேய்க்க நம்மைத்தான் அனுப்புவார்கள். பொதுத்தேர்வு நெருங்கினால் நம் பீரியடைத்தான் பிடுங்குவார்கள். பெரிய அதிகாரி யாராவது வந்தால் மட்டும் "டீச்சர், பிள்ளைகளைப் பாட வைங்க" என்று ஓடி வருவார்கள். வருடம் முழுக்க நம்மை ஒரு பொருட்டாக மதிக்காத இதே ஊர், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். "டீச்சர், நீங்க சொன்னா சரிதான்" என்பார்கள். நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் வேறொன்றை முடிவு செய்திருப்பார்கள்.

அப்படித்தான் வினோதினியின் வீட்டார் வந்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை அது.

வினோதினிக்கு வீடு முதுநகரில். அப்பாவுக்கு செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத மனிதர், பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கு அந்தப் பெண்ணின் தாய்மாமன் இருந்தார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிறவர், சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் காதுகுத்திலிருந்து கல்லூரி வரை அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல மனிதர்தான். அக்கா மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அதுதான் வம்பே. பிரியமில்லாத மாமனாக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம்.

பெண்ணுக்குப் பாட்டு அவர்கள் தெருவிலேயே ஓர் அம்மாளிடம் பாடம். ஆறாம் வகுப்பிலிருந்து கற்றுக்கொண்டிருந்தாள். நல்ல பாடாந்தரம், தாளம் நகராது. அந்த அம்மாள் மகளோடு இருக்க வெளியூர் போய்விட்டதால்தான் கல்லூரி விஷயத்துக்கு என்னிடம் வந்தார்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் எல்லோருக்கும் அவள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் உயரப் பாடும் பெண். விழா மேடையில் நின்று மேல் ஸ்தாயிக்குப் போனால் ஊசி மாதிரி மெல்லியதாக ஒரு குரல் வரும், தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொள்வார். நானும் பல நாள் அதைத்தான் அவள் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பாட்டு அறையைப் பெருக்கும் முறை அவளுக்கு. நான் பக்கத்து அறையில் வருகைப் பதிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெருக்கிக்கொண்டே தனக்குத்தானே தோடி பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நிறைந்த குரல். கீழே மந்திர பஞ்சமத்தில் போய் நின்று, அங்கேயே சௌகரியமாக உலாவிவிட்டு வருகிறது. எந்த இடத்திலும் இழுத்துப் பிடிக்கவில்லை. போனில் சுருதியைப் போட்டுச் சரி பார்த்தேன். சுத்தமாக நாலு கட்டை.

உள்ளே போய், "இதையே பாடு" என்றேன். விளக்குமாற்றைக் கீழே வைத்தாள், முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஐந்தரையில் எடுத்தாள். மறுபடி அதே ஊசிக் குரல்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதற்குக் கள்ளக் குரல் என்று பெயர். தன் குரலை ஒளித்துவைத்துக்கொண்டு தொண்டையை நெரித்து மேலே வேறொன்றைச் செய்வது. கேட்கிறவர்களுக்கு இனிப்பாக இருக்கும், பாடுகிறவர்களுக்கு வினை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று எத்தனையோ விதமாகக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நான் மிரட்டினால் என் முன்னால் நாலில் பாடுவாள். கதவருகே ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சட்டென்று மேலே தாவிவிடுவாள்.

வினோதினிக்கு முன்பு எங்கள் பள்ளியிலிருந்து இசை படிக்கப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கும் இதே கதைதான். சேர்ந்த இடத்தில் வகுப்பு மொத்தமும் ஒரே சுருதி, இவளும் கூடவே கத்தினாள். இரண்டாம் வருடம் தொண்டை கட்டியது, பிறகு அடிக்கடி கட்டியது, பிறகு விடவே இல்லை. பட்டம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தபோது பேச்சே காற்றாக வந்தது. இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். பாட்டைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். வினோதினிக்கும் அதுவே நடக்கும் என்று எனக்குப் பயம். பெஸ்ட் காலேஜாம் பெஸ்ட் காலேஜ். மூன்று வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் குரல் மிச்சம் இருக்குமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி.

இதை அவள் வீட்டில் சொன்னேன். காபி கொடுத்தார்கள், குடித்துக்கொண்டே நிதானமாகத்தான் சொன்னேன். "ஒங்க பொண்ணுக்கு நாலு கட்டைதான் சரியான சுருதி. அதுக்கேத்த எடமாப் பாத்துதான் சேக்கணும்."

மாமா முகம் சுருங்கிவிட்டது. "நாலுதானா? என்னா டீச்சர் இப்படிச் சொல்றீங்க? ஸ்கூல்ல அஞ்சரைன்னு சொன்னாங்களே!"

"அஞ்சரையில பாடுது. ஆனா அது கொரலு நாலு."

"அப்பக் கொறஞ்சி போச்சின்றீங்களா? எதிர்வூட்டுப் பொண்ணு ஆறு கட்டையாம். அவுங்க அம்மா சொல்லிச் சொல்லிக் காட்டுறாங்க. எங்க பாப்பாவ ஒரு ஏழுக்குக் கொண்டாந்துடலாம்னு நான் நெனச்சிட்டிருக்கறேன், நீங்க நாலுன்றீங்க. என் டிராக்டரே முப்பத்தஞ்சு எச்.பி. பத்தலன்னு அம்பதுக்கு மாத்திட்டேன் டீச்சர்!"

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கட்டை என்பது மார்க் இல்லை, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அமுக்கினால் அவளுக்கு ஸட்ஜமோ அதன் நம்பர் என்று சொன்னேன். புரியவில்லை. கடைசியில், "செருப்பு சைஸ் மாதிரிங்க. ஆறாம் நம்பர் கால் ஒசத்தி, நாலாம் நம்பர் கால் மட்டம்னு உண்டா?" என்றேன். இதற்கு மேல் எளிமையாக என்னால் முடியாது.

அதற்கும் பதில் வைத்திருந்தார். "வளர்ற புள்ளைக்கு ஒரு சைஸு பெருசாத்தான டீச்சர் வாங்குறோம்? போடப் போட சரியாயிடும்."

அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வினோதினி அடுக்களைக் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லேன்மா" என்றேன் அவளிடம். அவள் உள்ளே போய்விட்டாள்.

சிதம்பரத்தில் இரண்டு இடங்களைப் பார்ப்பது என்று முடிவானது. பெயர் கேட்காதீர்கள், இரண்டு இடத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் அதே பட்டம்தான், இரண்டுமே அரசு வேலைக்குச் செல்லும். அப்பா கேட்ட ஒரே கேள்வி அதுதான், அதனால் முதலிலேயே விசாரித்து வைத்துவிட்டேன். சர்டிபிகேட் ஃபைலை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். "ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். நான் எங்கனா வச்சிட்டுத் தேடுவேன்" என்றார்.

மாமா, அப்பா, பெண், நான் என நாலு பேரும் முதுநகரில் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை மாமா என்னிடம் கட்டையை ஏற்றுவதற்கு ஏதாவது கஷாயம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முதலில் போனது புறவழிச்சாலையில் புதிதாகக் கட்டியிருந்த கல்லூரி. கண்ணாடிக் கட்டடம், ஏசி ஹால், பெண்களுக்குத் தனி ஹாஸ்டல். மாமாவுக்கு வாசலிலேயே பிடித்துப்போய்விட்டது. உள்ளே ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது பெண்கள் இருப்பார்கள், ஒரே மாதிரிப் புடவை, பாடுவதும் ஒரே வர்ணம், ஒரே குரல். மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பாத்தீங்களா டீச்சர்? முப்பது பேரு பாடுறாங்க, ஒரு ஆளு பாடுற மாரி இருக்குது. இது காலேஜி!"

எனக்கு அந்த முப்பதில் எத்தனை பேருக்கு அது சொந்தக் குரல் என்று எண்ணத் தோன்றியது. கோட் போட்ட ஒருவர் வந்து வரவேற்றார், அட்மிஷன் பொறுப்பு அவருக்கு. மரியாதையான ஆள், குறை சொல்ல முடியாது. "வகுப்பு எந்தச் சுருதியில் எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கேர்ள்ஸ்க்கு எல்லாம் அஞ்சரைதான் மேடம். எக்ஸாமும் அதுலதான். அப்பதான் யூனிஃபார்மா இருக்கும்."

"கொரலுக்கு ஒத்துவராத பொண்ணுங்க?"

"பழகிடும் மேடம்."

இந்தப் பழகிடும் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்டை என்ன புதுச் செருப்பா பழகுவதற்கு? நானே செருப்பு உதாரணம் சொல்லித் தொலைத்தவள், அதனால் வாயைத் திறக்கவில்லை.

வினோதினியைப் பாடச் சொன்னார்கள். மேசை மேல் சுருதிப் பெட்டி ஐந்தரையில் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், நம் பிள்ளைகள் பெரியவர்கள் வைத்த சுருதியைத் தொட மாட்டார்கள். அதைக் குறைக்கச் சொல்வது என்றால் உட்கார்ந்திருப்பவரை எழுந்திருக்கச் சொல்வது மாதிரி. இவள் அதையே சாக்காக வைத்துக்கொண்டு கல்யாணியை எடுத்தாள். மேலே போகப் போக அந்த ஊசிக் குரல் வந்தது. கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன், மற்றவர்கள் கைதட்டினார்கள். "எக்ஸலண்ட்! குயில் மாதிரி இருக்கு. ஃபர்ஸ்ட் ரேங்க்ல எடுத்துக்கறோம். இன்னிக்கே அட்மிஷன் போட்டுடலாம், சீட்டு வேகமாப் போயிட்டிருக்கு" என்றார் கோட்டுக்காரர்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் தொண்டையில் கை வைத்தபடி எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள். "சந்தோசத்துல பேச்சு வரல பாரு" என்றார் மாமா. சந்தோஷமா? கேன்டீனுக்குப் போய் வெந்நீர் வாங்கி வந்து கொடுத்தேன். அவள் குடித்த வேகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

"டீச்சர், அந்த ஃபைலக் குடுங்க, போட்டுடலாம்" என்று மாமா கை நீட்டினார்.

நம் வேலையில் இப்படி ஒரு நிமிடம் வரும். விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது, சொன்னாலும் ஏறாது. அந்த இடத்தில் நின்று சுருதியைப் பற்றி நான் பிரசங்கம் செய்திருந்தால், நடக்க வேண்டிய நல்ல காரியத்தைப் பாட்டு டீச்சர் பொறாமையில் கெடுக்கிறாள் என்றுதான் ஆகியிருக்கும். "ஐயோ, டி.சி.யை ஸ்கூல் பீரோவிலேயே வச்சிட்டு வந்துட்டேங்க" என்றேன். டி.சி. என் தோள்பையில், என் டிபன் பாக்ஸுக்குக் கீழே இருந்தது. "நாளைக்குக் கொண்டாந்து கட்டிடலாம். சீட்டு எங்கயும் போகாது. வந்தது வந்தோம், அந்த இன்னொரு எடத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடுவோம்." கோட்டுக்காரர் நாளை மாலை வரை வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. தேவைப்பட்டால் நீங்களும் சொல்லுங்கள்.

இரண்டாவது இடம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பழைய வீடு ஒன்றைக் கல்லூரி ஆக்கியிருந்தார்கள். ஹாஸ்டல் கிடையாது, பெயர்ப்பலகையில் பாதி எழுத்து இல்லை. ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மாமா மூக்கைச் சுளித்தார். உள்ளே நுழைந்தால் ஓர் அறையில் ஒரு பெண் ஐந்தில் பாடுகிறாள், எதிர் அறையில் இன்னொருத்தி ஐந்தரையில், மாடியிலிருந்து ஒரு பையன் ஒன்றில். நடையில் நின்றால் மூன்று சுருதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எனக்கு உயிர் வந்தது.

"என்னா டீச்சர் இது, ஆளாளுக்கு ஒண்ணு பாடுறாங்கோ! ஒரு ஒத்துமயே இல்ல! மாமா, வாங்க போவலாம்" என்று வினோதினியின் அப்பாவைக் கிளப்பப் பார்த்தார் மாமா.

"இரு மச்சான், டீச்சர் சொல்றாங்கல்ல" என்றார் அப்பா. அன்று அவர் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அது.

பாட்டுத் துறைக்குப் பொறுப்பான அம்மாள் ஒரு பாயில் உட்கார்ந்து, தட்டில் இருந்த வடையைச் சட்னியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், சாப்பிடுவதை நிறுத்தவில்லை. பெண்ணைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒன் சுருதி என்னா?"

எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருடம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! வினோதினி என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்க வைக்கிறதுங்க மேடம்."

"நான் வைக்கிறது நான் பாடுறதுக்கு. நீ எதுல பாடுவ?"

பெண் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நாலு என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே காரியம் முடிந்திருக்கும், பெண்ணுக்கு இடமும் கிடைத்திருக்கும். ஆனால் நாளைக்கு நான் அவள் கூட வரப்போவதில்லை. நான் சொல்லி அவள் நாலில் பாடினால், வேறு யாராவது சொல்லி ஆறில் பாடுவாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நமக்கு விடை தெரிந்த கேள்வியை வேறொருவர் நம் பிள்ளையிடம் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதை விடக் கஷ்டமான வேலை இந்த உத்தியோகத்தில் கிடையாது.

நான் மூடிக்கொண்டேன். மாமா மூடவில்லை.

"அஞ்சரைங்க மேடம்! அங்க அஞ்சரைல பாடித்தான் மொத ரேங்க் வாங்குச்சி. நீங்க வச்சிப் பாருங்க, ஆறு கூடப் பாடும்!"

"நீங்களா பாடப் போறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்தார். "சரி, பாடு."

வினோதினி அதே கல்யாணியை எடுத்தாள். காலையில் நெரித்த தொண்டை, இப்போது இன்னும் மோசமாக இருந்தது. மேல் ஸட்ஜத்தைத் தொடுவதற்குள் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"போதும். நல்ல பாடம்தான். ஆனா இது ஒன் கொரலு இல்ல. தன் கொரலக் குடுக்காத பொண்ணுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது? வேற எடம் பாத்துக்கோங்க." தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்துக்காகப் பொய் சொல்லி இவர்களை இழுத்து வந்தேனோ, அந்த இடத்தில் வாசலைக் காட்டிவிட்டார்கள். தப்பான இடத்தில் முதல் ரேங்க், சரியான இடத்தில் இடமில்லை. மாமா ஏற்கெனவே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சி. நாளைக்கு அங்கயே கட்டிடலாம்" என்றார். அப்பா எழுந்தார், நானும் எழுந்தேன். என் வாயிலிருந்து நாலு என்ற வார்த்தை வந்துவிடும் போல் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுக்கலாம் என்று நின்றேன்.

வினோதினி எழுந்திருக்கவில்லை.

"வா பாப்பா" என்றார் மாமா.

"மாமா, நீங்க செத்த சும்மா இருங்க."

மாமா அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குடும்பத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அவரும் கேட்டிருக்க மாட்டார். பெண் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"நாலு கட்டைங்க மேடம்."

அந்த அம்மாள் சுருதியை நாலுக்கு இறக்கினார். வினோதினி தோடியை எடுத்தாள். முதலில் நடுங்கியது, உடைந்துவிடுமோ என்று பயந்தேன். இரண்டு மூன்று சங்கதி போனதும் நடுக்கம் நின்றது. குரல் கீழே இறங்கி, மந்திர பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. எதிர் அறையில் பாடிக்கொண்டிருந்த பெண் பாட்டை நிறுத்தினாள். நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவள் பாடி முடித்தபோது தட்டில் பாதி வடை அப்படியே இருந்தது.

"இவ்வளவு நல்ல கொரல வச்சிக்கிட்டு எதுக்குடி ஒளிச்ச?" என்று கேட்டார் அந்த அம்மாள். திட்டுவது மாதிரிதான் கேட்டார்.

அவள் மெதுவாக, "கட்டக் கொரலும்பாங்க மேடம்" என்றாள்.

"எவ சொன்னது? ஸ்கூல்லயா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு மாமா மேல்தான் சந்தேகம், திரும்பி அவரை முறைத்தேன். அவர் பாவம், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் கையை விரித்தார்.

"நாந்தாங்க" என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளாட்டுக்குத்தாங்க சொல்லுவேன். சின்னப் புள்ளயா இருக்கறப்பலேர்ந்து. ஷிப்ட்டு முடிஞ்சி வந்து படுத்திருப்பேன், பாடிக்கிட்டிருக்கும். ஏ கட்டக் கொரலு, செத்த நிறுத்துடின்னு..." தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அது மனசுல வச்சிக்கும்னு தெரியாதுங்க."

அத்தனை நாள் என்னென்னவோ நினைத்தேன். எதிர்வீட்டுப் பெண் காரணமோ, மேடைப் பயமோ, யாராவது கிண்டல் செய்தார்களோ என்றெல்லாம் யோசித்தேன். கத்தாத, அடிக்காத, மகளுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருந்த இந்த மனிதரை மட்டும் நினைக்கவே இல்லை.

வினோதினி அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் அப்பாவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பாயில் தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"இப்படி வந்து ஒக்காருங்க" என்றார் அப்பாவிடம். அவர் தயங்கித் தயங்கி வந்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அட்மிஷன்லாம் அப்பறம் பாத்துக்கலாம். நீ இன்னொரு தடவ பாடு. இப்ப எனக்கில்ல, ஒங்கப்பாவுக்கு."

சுருதி நாலில் ஓடிக்கொண்டிருந்தது. வினோதினி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அன்று முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "பாடும்மா" என்றார்.